களிம்பும் காப்பும்: பழம்பொருள் பேணுவார் தொழில்

சைவசித்தாந்த நூல்களில், உயிருக்கும் ஆணவமலத்திற்கும் உள்ள இயைபினை விளக்கப்போந்த ஆசிரியன்மார் செம்பினையும் அதன்கண் உள்ள களிம்பினையும் உவமையாக எடுத்தோதுவர். களிம்பு இடையில் வந்து பற்றியதன்று, செம்பு உள்ள அன்றே உடனுளதாயது என்பது அவ்வுவமையாற் பெறப்படும் முதற்கருத்து. உள்பொருள் ஒருகாலத்தும் இல்பொருள் ஆகாதாகலின், மலம் வேரறக் கெட்டொழிவதன்று. அதன் மறைக்கும் ஆற்றலே மடங்கி நிற்கும் என்பது அதனைத் தொடர்ந்துவரும் முடிபு. இவ்வுவமையைப் பாடங்கேட்டோர் பலர். களிம்பினைக் கையாற்றொட்டு, அதன் இயல்பை ஆய்ந்து, அதனோடு நாடோறும் வழக்காடி வாழ்நாள் கழித்தோர் மிகச் சிலர். அச்சிலருடைய தொழிலே ஈண்டு ஆராயப்படுவது. அஃதாவது, பழம்பொருள்களையும் கலைப்பொருள்களையும் அழியாது பேணுந் தொழில்.

இத்தொழிலின் எல்லையை முதற்கண் வரையறுத்தல் வேண்டும். புதிய திருமேனியை வார்ப்பவர் ஸ்தபதியார். மண்ணுட் கிடந்ததை அகழ்ந்தெடுப்பவர் அகழாய்வாளர். பொறித்த எழுத்தைப் படித்துப் பொருளுரைப்பவர் கல்வெட்டறிஞர். பேணுவாரோ இவர் யாவரினும் வேறாவர். அவர் புதிதாக ஒன்றனையும் ஆக்குவதில்லை. பொருளின் வரலாற்றைத் தாமாக எழுதுவதுமில்லை. ஒரு பொருள் எந்நிலையிற் கைக்கு வந்ததோ அந்நிலையினின்றும் மேலும் கெடாதவாறு அதனை நிறுத்துதலே அவர் செயல். மருத்துவரோடு அவரை ஒப்பிடுவார் உளர். அவ்வொப்புமை ஒருபுடையதே, என்னை? நோயாளி தன் நோயை வாய்விட்டுரைப்பான், மருந்து ஒவ்வாதாயின் அலறுவான். செம்பும் கல்லும் சுண்ணமும் ஒன்றும் சொல்லா. பிழை நேர்ந்தமை சில ஆண்டு கழிந்தபின்னரே வெளிப்படும். அப்பொழுது திருத்த வழியிராது.

இத்தகைய கைகள் இன்று பெரிதும் வேண்டப்படுவதோரிடம் கிருஷ்ணகிரி மாவட்டம். 2004-ஆம் ஆண்டு பிப்பிரவரி மாதத்தில் தருமபுரியினின்றும் பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் வடமேலைக் கோடியில், கன்னட நாட்டெல்லையை ஒட்டி ஓசூர் நிற்கின்றது. ஊர்தி, கடிகாரம், பொறியுறுப்பு முதலியன ஆக்கும் தொழிற்சாலைகளால் அவ்வூர் பெயர்பெற்றது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் நாடு அது. சந்திரசூடேசுவரர் எழுந்தருளிய குன்றின்மேல் ஏறி நிற்பார்க்கு ஒருபுறம் தொழிற்கூடங்களின் கூரைகளும் ஒருபுறம் ஏரிகளும் பாறைகளும் தோன்றும். அப்பாறைநாடு முழுதும் பழம்பொருட்களஞ்சியம் என்றால் மிகையன்று. மல்லசந்திரத்தில் பெருங்கற்காலத்தாரின் கற்பதுக்கைகள் குன்றின்மேல் நிரல்நிரலாக நிற்கின்றன. அவை இந்தியத் தொல்லியல் அளவீட்டுத் துறையின் காப்பிலுள்ளவை. பர்கூரை அடுத்த மல்லபாடியில் குதிரையூர்ந்து பொருவார் உருவம் வெண்ணிறத்தால் பாறைமேல் தீட்டப்பட்டுள்ளது. ஆநிரை மீட்டும், புலியொடு பொருதும் பட்ட வீரர்க்கு எடுத்த நடுகற்கள் ஊர்தோறும் வயல்தோறும் உள்ளன.

இவையனைத்தினும் அண்மையில் உலகறிந்தது மயிலாடும்பாறை. தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறையினர் 2021-இல் அங்கே அகழ்ந்தனர். அகழ்குழியிற் கிடைத்த கரித்துண்டுகளின் காலத்தைக் கணித்தவழி, அந்நிலத்தில் இரும்பின் வழக்கு கி.மு. 2172 வரை பழமையுடையது என்று 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் சட்டமன்றத்திலே அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தென்பாண்டி நாட்டுச் சிவகளைக்கு அதனினும் முற்பட்ட காலம் கூறப்பட்டதாயினும், மயிலாடும்பாறையின் சிறப்பு அதனாற் குறைபடுவதன்று. நாளிதழ்கள் எல்லாம் காலத்தைக் கொண்டாடின. இரும்பினைப்பற்றி உசாவினார் சிலரே.

இரும்பினைப்பற்றி உசாவவேண்டுவது யாது? மண்ணுள் ஈராயிரம் மூவாயிரம் ஆண்டு கிடந்த இரும்பு, அம்மண்ணோடு ஒருவாறு சமாதானம் செய்துகொண்டு கிடக்கின்றது. அதனைச் சூழ்ந்த துரு தடித்து, காற்றுச் செல்லும் வழியை அடைத்து, அழிவின் விரைவைக் குறைத்துவிடும். அகழ்வார் அதனை வெளியில் எடுத்த அன்றே அச்சமாதானம் குலைகின்றது. நிலத்து ஈரத்தோடு உட்புகுந்து தங்கியிருந்த உப்பு, புதுக்காற்றின் பிராணவாயுவும் மழைக்காலத்து ஈரமும் கூடியவுடன் மீண்டும் தொழிற்படும். மேலே மஞ்சள்நிற நீர்த்துளிகள் அரும்பும். பின்பு துரு செதில் செதிலாக விண்டு விழும். ஈராயிரம் ஆண்டு மண்ணுள் நின்றது, பேணுவார் இல்லாத பேழையில் சில ஆண்டுகளில் தூளாதல் உண்டு. ஆகவே அகழ்தல் என்பது ஒருவகையில் காத்தல், ஒருவகையில் அழித்தற்குத் தொடக்கம். அழிவினைத் தடுப்பார் அகழ்குழியின் கரையிலேயே நிற்றல் வேண்டும் என்று இத்தொழிலுடையார் வற்புறுத்துவது இதுபற்றியே.

இவ்வுண்மையை மேலைநாட்டினரும் பட்டே அறிந்தனர். பெர்லின் நகரத்து அரசப் பொருட்காட்சிச்சாலைகளில் 1888-ஆம் ஆண்டில் பிரெடெரிக் ராத்கென் என்னும் இரசாயன அறிஞர் அமர்த்தப்பட்டார். பொருட்காட்சிச்சாலைக்கென்றே ஓர் இரசாயனசாலை அமைந்தது அதுவே முதல் என்பர். இலண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையின் கதை இன்னும் படிப்பினையுடையது. முதல் உலகப்போரின்போது குண்டுவீச்சுக்கு அஞ்சி அரும்பொருள்களை நிலத்தடியில் இரயில்வழிச் சுரங்கத்துட் கொண்டுபோய் வைத்தனர். போர் முடிந்து எடுத்துப் பார்த்தால், இரும்பு துருவேறியும் செம்பு களிம்பேறியும் கல்லின் மேற்புறம் உப்புப்பூத்தும் கிடந்தன. பகைவர் குண்டு செய்யாததை நிலத்தடி ஈரம் செய்துவிட்டது. அதன்மேற்றான் அலெக்சாந்தர் ஸ்காட் என்பாரை அழைத்து ஆய்வுசெய்வித்து ஒரு பரிசோதனைச்சாலையை நிறுவினர். அங்கே 1924-இல் சேர்ந்த ஹரோல்ட் பிளெண்டர்லீத், பிற்காலத்தில் உரோமாபுரியில் உலகநாடுகள் கூடி அமைத்த பேணுகைக் கல்விக்கழகத்தின் முதல் இயக்குநரானார்.

இந்தியாவில் தொல்லியல் துறைக்கு இரசாயன அறிஞர் ஒருவர் 1917-இலேயே அமர்த்தப்பட்டார். அவர் முகம்மது சனா உல்லா. தமிழ்நாட்டிலோ இத்தொழில் வேரூன்றியது 1930-ஆம் ஆண்டு சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலையில். அக்காலத்து அதன் கண்காணிப்பாளராயிருந்தவர் கிரேவ்லி என்பவர். அவர் விலங்கியல் வல்லவர். ஆயினும் செப்புத் திருமேனிகள்மேல் அளவிறந்த ஈடுபாடுடையவர். அத்திருமேனிகளிற் பெரும்பாலன, படையெடுப்பாளர்க்கு அஞ்சிய முன்னோர் நிலத்தில் புதைத்துவைத்து, உழுவாரும் கிணறு தோண்டுவாரும் தற்செயலாகக் கண்டெடுத்து, 1878-ஆம் ஆண்டுப் புதையற்சட்டத்தின்படி அரசினரிடம் ஒப்புவிக்கப்பட்டவை. காட்சிச்சாலையுள் அலமாரிகளில் வைக்கப்பட்ட பின்னர் அவற்றுட் சில தாமாகவே கெட்டுவருதல் காணப்பட்டது. அதனைத் தடுக்கும் பொருட்டு அமர்த்தப்பட்டவர் எஸ். பரமசிவன் என்னும் இரசாயன அறிஞர். இந்நாட்டில் இத்தொழிலையே வாழ்க்கையாகக் கொண்டு, அதனை ஒரு கல்வித்துறையாகவும் நிலைநிறுத்தியவருள் அவர் முன்னணியில் வைத்தெண்ணப்படுவர்.

அவர் எதிர்கொண்ட நோயின் இயல்பு அறியற்பாலது. செப்புத்திருமேனி எனப்படுவது தனிச்செம்பன்று. செம்பு மிகுந்து, வெள்ளீயமும் காரீயமும் பிறவும் சிறிது கலந்த கலப்பு. அதன்மேற் படரும் களிம்பெல்லாம் ஒருதன்மையதன்று. ஒன்று கெட்டிப்பட்டு, மழமழப்பாய், கரும்பச்சையாகவோ செம்பழுப்பாகவோ நிற்கும். அது உலோகத்தை உள்ளிருத்திப் போர்வைபோற் காக்கும். மற்றொன்று வெளிறிய பச்சைநிறத்தில், மாவுபோல, புள்ளி புள்ளியாகத் தோன்றும், தொட்டால் உதிரும், துடைத்தெறிந்தாலும் சில நாளில் மீண்டும் அதே இடத்தில் முளைக்கும். இதனையே மேலைநாட்டார் வெண்கல நோய் என்பர். அதன் காரணம் நிலத்து உப்பிலுள்ள குளோரைடு. அது செம்போடு கூடி உட்படலமாகத் தங்குகின்றது. காற்றும் ஈரமும் பட்டால் அப்படலம் பச்சைப்பொடியாக மாறி, உடன் உப்புத்திராவகத்தையும் பிறப்பிக்கும். அத்திராவகம் மேலும் செம்பைத் தின்று புதிய படலத்தை ஆக்கும். அது மீண்டும் பொடியாகும். இவ்வாறு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் அழிவு அது. புறத்தே துடைப்பதால் ஆவது ஒன்றுமில்லை. வேர் உள்ளே கிடக்கின்றது.

அந்நோய்க்குப் பரமசிவனார் கைக்கொண்ட முறை மின்சார முறை. நூற்றுக்கு இரண்டு பங்கு காஸ்டிக் சோடா கரைந்த நீரைத் தொட்டியில் நிரப்பி, திருமேனியைச் செப்புக்கம்பியாற் சுற்றி அதனுள் தொங்கவிட்டு, இருபுறமும் இரும்புத்தகடுகளை நிறுத்தி, மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்துவர். திருமேனி எதிர்மின்முனையாக நிற்க, அதன்கண் எழும் நீரகவாயு களிம்பினைச் சிதைக்கும். உப்பின்கூறு விடுபட்டு இரும்புத்தகட்டின் பக்கம் செல்லும். பன்னாள் இவ்வாறு செய்தபின் மெல்லிய தூரிகையாற் றுலக்கி, வாலைநீரில் ஊறவைப்பர். அந்நீரை மாற்றி மாற்றி ஊற்றி, ஒவ்வொரு முறையும் சிறிது எடுத்து வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை ஒருதுளி விட்டுப் பார்ப்பர். பால்போற் கலங்குமாயின் உப்பு இன்னும் உளது. தெளிந்தே நிற்குமாயின் நீங்கியது. அத்தெளிவைக் காணப் பல கிழமை காத்திருத்தலும் உண்டு. பொறுமையில்லார் இத்தொழிலுக்கு ஆகார் என்பதற்கு இவ்வொன்றே சான்று.

ஓசூர்த் தொழிற்கூடங்களில் பொறியுறுப்புகளுக்கு மின்முலாம் இடுவார்க்கு இத்தொட்டியும் கம்பியும் புதியன அல்ல. முலாமிடும் பொருளும் எதிர்மின்முனையிலேயே நிற்கும். துருவின் இயல்பும் ஈரத்தின் தீங்கும் அத்தொழிலாளர் அறிந்தவையே. ஆயின் அங்கே கெட்ட உறுப்பைக் கழித்துவிட்டு நூறு புதிய உறுப்பு வார்க்கலாம். ஈண்டுக் கெட்டது கெட்டதே. அவ்வறிவுடைய இளைஞர் சிலரேனும் தம் ஊரின் நடுகல்லையும் பழைய இரும்பையும் நோக்கித் திரும்புவராயின், இத்தொழிலுக்கு அவர் பாதிவழி வந்தவராவர்.

அற்றேல், களிம்பெல்லாம் களைந்தெறிதலே பேணுவார் கடனாம் போலும் எனின், அன்று. ஈண்டே இத்தொழிலின் நுட்பம் கிடக்கின்றது. மின்சார முறை நோயை நீக்கிற்று. ஆயின் நோய்க்களிம்போடு காப்புக்களிம்பினையும் உடன் நீக்கிற்று. பழம்பொருளின் மேற்புறத்து நுண்வேலை, அஃதாவது அணிகலக் கோடு, ஆடைமடிப்பு, விரல்நகம் முதலியன, பல சமயங்களில் உலோகத்தின்மேல் இன்றிக் களிம்பின் உள்ளடுக்கிலேயே படிந்து நிற்கும். செம்பு களிம்பாக மாறியபொழுது அவ்வுருவமும் களிம்போடு சென்றதாகலின், களிம்பைக் களைவார் உருவத்தையும் களைந்தவராவர். இதனை உணர்ந்த பின்வந்தோர், முழுதும் களையும் முறையைச் சுருக்கிக்கொண்டனர். பூதக்கண்ணாடியின்கீழ், கூர்த்த கருவியால் நோய்ப்புள்ளியை மாத்திரம் அகழ்ந்தெடுத்து, எஞ்சியதை இருந்தவாறே விட்டுவைப்பது இக்காலத்து வழக்கு. 1967-இல் டென்மார்க்கு நாட்டு மாட்சென் என்பார் பென்சோடிரையசோல் என்னும் மருந்தைப் புகுத்தினார். அது செம்போடு கூடி மெல்லிய கவசமாக நின்று, உள்ளே எஞ்சிய உப்பைத் தொழிற்படவொட்டாது தடுக்கும். அதன்மேல் மெழுகு அல்லது அரக்குப் பூசி, ஈரம் நூற்றுக்கு நாற்பது பங்கிற்கு மேற்படாத பேழையில் வைப்பர். இரும்பிற்கு அதனினும் மிகுந்த வறட்சி வேண்டும். பதினைந்து பங்கிற்கு உட்பட்டிருத்தல் நன்று.

இந்நிலையைச் சித்தாந்தம் பயின்றார் ஊன்றி நோக்குவாராக. உப்பு முழுதும் நீங்கியது என்று எந்தப் பேணுவாரும் அறுதியிட்டுரையார். அது உள்ளே கிடக்கும். அதன் சத்தி மாத்திரம் அடக்கப்பட்டுள்ளது. வறட்சி குலைந்து ஈரம் ஏறுமாயின் மீண்டும் தலையெடுக்கும். இரசகுளிகை தீண்டியவழிக் களிம்பு நீங்குதலை ஆசிரியர் திருவருளின் செயலுக்கு உவமை கூறினர். இரசாயனசாலைக்கு அத்தகைய குளிகை கிட்டிற்றிலது. அவர் செய்வதெல்லாம் அடக்குதலும், அடங்கியிருக்கின்றதா என்று ஆண்டுதோறும் பார்த்தலுமே. உவமையும் பொருளும் எல்லா வகையானும் ஒத்தல் வேண்டா. நோய்க்களிம்பு புறத்து உப்பால் வந்தது, மலமோ வந்ததன்று என்னும் வேற்றுமை வெளிப்படை. ஆயினும் சத்தி மடங்கல் என்பது யாதென மாணாக்கர்க்குக் காட்டுதற்கு, வறண்ட பேழையுள் நோயடங்கி நிற்கும் திருமேனியினும் சிறந்த காட்சிப்பொருள் கிடைப்பது அரிது.

பரமசிவனாரின் முறையைப் பின்னோர் சுருக்கினர் என்பதால் அவர் பெருமை குன்றுமோ எனின், குன்றாது. அவர் காலத்தில் அறியப்பட்ட முறைகளுள் உலகெங்கும் ஏற்கப்பட்டது அது. அதுவும் இல்லாதிருந்தால் அத்திருமேனிகளிற் சில பொடியாகியிருக்கும். முன்னோர் செய்ததைப் பின்னோர் திருத்துவது இத்தொழிலில் குற்றம்கூறுதல் ஆகாது. அதுவே இதன் மரபு. அதுபற்றியே இத்துறையில் இரண்டு விதிகள் தலையாயினவாகக் கொள்ளப்படுகின்றன. செய்தது யாதாயினும் பின்னர்க் கழற்றி எடுக்கக்கூடியதாகச் செய்தல் ஒன்று. செய்ததனைத்தையும் எழுத்தாலும் நிழற்படத்தாலும் பதிந்துவைத்தல் மற்றொன்று. இப்பதிவில்லாத திருத்தம் எத்துணை அழகிதாயினும் அது திருத்தமன்று, மறைப்பு.

பரமசிவனார் செப்போடு நின்றாரல்லர். தஞ்சைப் பெரியகோயிற் கருவறையைச் சூழ்ந்த இருண்ட இடைவழியில், நாயக்கர்காலத்து ஓவியப் படலத்தின்கீழ்ச் சோழர்காலத்து ஓவியம் மறைந்துகிடப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துச் சா. கி. கோவிந்தசாமி 1931-இல் கண்டார். அவ்வோவியங்கள் எம்முறையால் தீட்டப்பட்டன என்னும் வினாவுக்கு விடைகண்டவர் பரமசிவனார். உதிர்ந்துகிடந்த சிறு சிறு துணுக்குகளைக்கொண்டே ஆய்ந்து, சுவரின்மேல் இரு படலமாகச் சுண்ணச்சாந்து இழைக்கப்பட்டது என்றும், அதன் ஈரம் உலருமுன்னரே பசை யாதும் சேர்க்காது வண்ணம் தீட்டப்பட்டது என்றும், சுண்ணம் காற்றோடு கூடி இறுகுங்கால் வண்ணத்தையும் தன்னுட் பிணித்துக்கொண்டது என்றும் அவர் காட்டினார். காவியும் மஞ்சண்மண்ணும் கரியும் சுண்ணமும் போன்ற எளிய பொருள்களே அவ்வண்ணங்களிற் பல. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஃபாக் கலைக்காட்சிச்சாலையினர் நடத்திய கலைநுட்ப ஆய்விதழில் 1937-ஆம் ஆண்டு அவ்வாராய்ச்சி வெளிவந்தது. சித்தன்னவாசல் முதலிய பிறவிடத்து ஓவியங்களையும் அவர் இவ்வாறே ஆய்ந்தனர். ஓவியம் தீட்டப்பட்ட முறையை அறிதல் வீண் ஆராய்ச்சியன்று; நீரில் கரையும் பசையால் தீட்டியதை நீரால் துடைத்தால் ஓவியமே போய்விடும். முறையறியாது மருந்திடல் பேணுதலன்று.

தஞ்சையில் பின்னர் எழுந்த சிக்கல் அறவழக்குப் போன்றது. கீழுள்ள சோழர் ஓவியத்தைக் காணவேண்டின் மேலுள்ள நாயக்கர் ஓவியத்தை நீக்கவேண்டும். பழையது உயர்ந்தது எனக் கொண்டு புதியதைச் சுரண்டி எறிதல் எளிது. ஆனால் நாயக்கர் ஓவியமும் முந்நூறாண்டுப் பழமையுடைய வழிபாட்டுச் செல்வம். தொல்லியல் துறையின் இரசாயனப் பிரிவினர் இரண்டனையும் காக்கும் வழி கண்டனர். மேற்படலத்தைச் சாந்தோடு மெல்லப் பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளிற் பொருத்தி, அக்கோயில் வளாகத்திலேயே காட்சிக்கு வைத்தனர். கீழே சோழர் ஓவியம் தன்னிடத்தே விளங்குகின்றது. இது கைத்திறத்தின் வெற்றி மாத்திரமன்று. எதனை விடுத்து எதனைக் கொள்வது என்னும் வினாவில், இரண்டனையும் கொள்ளும்வரை அமைதியடையாத மனத்தின் வெற்றி.

இனி, இத்தொழிற்குரியார் யாவர், எங்ஙனம் பயில்வர் என்பது. இரசாயனக் கல்வி அடிப்படை; அதனோடு நுண்ணிய கைப்பழக்கமும், சித்திரம் வரையும் பழக்கமும், பொருள் எம்மரபில் எழுந்ததோ அம்மரபின் நூலறிவும் வேண்டும். ஆகமமும் சிற்பநூலும் அறியாதவர் திருமேனியின் ஒடிந்த விரலை எம்முத்திரையாகக் கொள்வதென அறியார். இரசாயனம் அறியாதவர் அவ்விரலை ஒட்டும் பசை பிற்காலத்தில் கரைந்து வருமா என அறியார். இவ்விரண்டும் ஒருவர்பால் கூடுதல் அரிதாகலின், ஒருவரோடொருவர் அமர்ந்து பேசும் பழக்கமே பெரிதும் வேண்டப்படுவது. பயிற்சிக்குப் புதுதில்லியில் 1989-இல் பல்கலைக்கழக நிலைபெற்ற தேசிய அருங்காட்சியகக் கல்விநிறுவனம் உளது. அது இப்பொழுது இந்திய மரபுரிமை நிறுவனம் என்னும் பெயரோடு நொய்டாவில் விளங்குகின்றது. இலக்குமணபுரியில் 1976-இல் தோன்றிய தேசியப் பேணுகை ஆராய்ச்சிச்சாலை அரசினர் நடத்துவது. 1984-இல் தோன்றிய இன்டாக் என்னும் கழகமும் பேணுகைக்கூடங்களை நடத்துகின்றது. சென்னைப் பொருட்காட்சிச்சாலையின் இரசாயனசாலை இன்றும் பணிபுரிகின்றது. பணியிடங்கள் மிகுதியல்ல. தமிழ்நாட்டில் அறநிலையத்துறையின் ஆட்சிக்குட்பட்ட கோயில்கள் நாற்பதினாயிரத்திற்கு மேற்பட்டவை. அவற்றின் திருமேனிகளையும் சுவரோவியங்களையும் கல்வெட்டுக்களையும் எண்ணிப்பார்ப்பார்க்குக் கைகளின் பற்றாக்குறை விளங்கும். சென்னை உயர்நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாள், மரபுச்சின்னங்களைக் காக்குமாறு 75 கட்டளைகளைப் பிறப்பித்ததும் இக்குறைபற்றியே.

கேடு பகைவரால் வருவதினும் அன்பரால் வருவது மிகுதி என்பது இத்தொழிலார் யாவரும் கூறுவதோர் உண்மை. குடமுழுக்கிற்குக் கோயிலைத் துலக்கவேண்டும் என்னும் நல்லெண்ணத்தால், காற்றோடு மணலை வீசியடிக்கும் முறையைப் பல கோயில்களில் கையாண்டனர். சுண்ணாம்புப் பூச்சும் எண்ணெய்ப்பிசுக்கும் ஒரு நாளிற் போயின. கல்லின் மேற்றோலும் கல்வெட்டெழுத்தும் உடன் போயின. பின்னர் அரசினர் அம்முறையை விலக்கினர். புளியும் சாம்பலும் இட்டு நாடோறும் தேய்க்கப்பட்ட செப்புத்திருமேனிகளில் கண்ணும் மூக்கும் தேய்ந்து மழுங்கியிருத்தல் யாவரும் காண்பதே.

கிருஷ்ணகிரி நாட்டு நடுகற்களில் இவ்வழக்கு இன்னும் நுட்பமாகின்றது. அங்கே நடுகல்லை வெறுங்கல்லாக மக்கள் கருதார். வேடியப்பன் எனப் பெயரிட்டுப் பொங்கலிட்டு வழிபடுவர். எண்ணெய் வார்ப்பர், மஞ்சளும் குங்குமமும் அப்புவர், சிலவூரில் பளபளக்கும் வண்ணமும் பூசுவர். வழிபாடு இருத்தலினாலன்றோ அக்கல் ஆயிரம் ஆண்டு பெயர்க்கப்படாது நின்றது? வழிபாடு ஒழிந்த கற்கள் பல கரைக்கும் மதகுக்கும் படிக்கும் போயின. ஆகவே, வழிபாட்டைக் குற்றமெனக் கூறிப் பேணப்புகுவார் தம் காரியத்தைத் தாமே கெடுத்துக்கொள்வர். அறிவுடைய பேணுவார் ஊராரோடு திண்ணையில் அமர்ந்து, முதலில் அக்கல்லின் எழுத்தைப் படித்துக் காட்டுவர். இன்ன ஊரான் இன்ன பூசலில் பட்டான் என்று அறிந்தவிடத்து, அது தம் முன்னோன் கல் என்னும் பெருமிதம் அவர்க்கு உண்டாம். அதன்பின், வண்ணம் வேண்டா, மஞ்சளைக் கல்லின் அடியில் இடுங்கள், எண்ணெயை விளக்கிற்கு வையுங்கள் என்றால் இசைவாரும் உளர், இசையாதாரும் உளர். இசைந்தவிடத்துப் பழைய வண்ணத்தை நீக்குதற்கு இரும்புக் கருவி கொள்ளார். உரிய கரைநீரில் தோய்த்த பஞ்சால் விரலளவு இடத்தில் மாத்திரம் தேய்த்துப் பார்த்து, கல்லிற்குக் கேடில்லை எனக் கண்டபின்னரே மேற்செல்வர். உப்புப்பூத்த கல்லாயின், காகிதக்கூழை வாலைநீரிற் குழைத்து, வைத்தியர் கட்டிக்குப் பற்றுப்போடுதல் போல அதன்மேல் அப்பி வைப்பர். கூழ் உலருங்கால் உப்பைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். அதனை உரித்துப் புதுப்பற்றிடுவர். இவ்வாறு பலமுறை.

மயிலாடும்பாறை போன்ற இடத்திற் கிடைக்கும் இரும்பிற்கு உரிய பண்டுவம் வேறு. துருக்கட்டி என்று எறியத்தக்கதாகத் தோன்றுவதனுள் வாளோ அம்பின் தலையோ மறைந்திருக்கலாம். ஆகலின் கைவைக்குமுன் ஊடுகதிர்ப்படம் எடுத்து உள்ளுருவை அறிதல் முறை. பின்னர்க் காரநீரில் ஊறவைத்து உப்பைப் போக்கி, உலர்த்தி, கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்பினின்று எடுக்கும் டானிக்கமிலம் பூசிக் கருநிறக் கவசம் உண்டாக்கி, மெழுகிட்டு, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பேழையில் வைத்தல் வேண்டும். அம்மணிகள் ஈரத்தை உண்டு நிறைந்தபோது எடுத்துச் சூடேற்றி உலர்த்தி மீண்டும் இடவேண்டும். இது ஓராண்டுச் செயலன்று. பேழை உள்ளளவும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டிய செயல். அகழ்வுக்குக் கிடைக்கும் பொருளுதவியும் புகழும் இம்மணிகளை உலர்த்துவார்க்குக் கிடைப்பதில்லை.

மல்லபாடிப் பாறையோவியத்திலோ பேணுவார் செய்யத்தக்கது இன்னும் சிறிது. அம்மாவட்டம் கருங்கல் வெட்டும் தொழிலுக்குப் பெயர்போனது. வெடியின் அதிர்வும் புழுதியும் பாறைக்குப் பகை. ஓவியத்தின்மேல் நீர்தெளித்து நிழற்படம் எடுப்பாரும், பெயர் கிறுக்குவாரும் அதனினும் பகை. ஆங்குச் செல்லும் பேணுவார் மருந்து யாதும் கொண்டுசெல்வதில்லை. அளவுகோலும் பூதக்கண்ணாடியும் வண்ண அளவைத் தாளும் கொண்டு செல்வர். குதிரையின் வெண்கோடு எங்கே விண்டுளது, பாறையில் நீர் வழியும் தடம் எப்புறம் திரும்பியுளது, சென்ற ஆண்டின் படத்திற்கும் இவ்வாண்டிற்கும் என்ன வேறுபாடு என்று குறித்துக்கொள்வர். நீர் ஓவியத்தின்மேல் வழியுமாயின், ஓவியத்திற்குச் சேய்மையில், பாறைமுகட்டில், அதனைத் திருப்பிவிட ஒரு சிறு வரம்பு கட்டச் செய்வர். ஓவியத்தைத் தொடாது திரும்புவர். அடுத்த மழைக்காலம் கழிந்தபின் மீண்டும் வந்து பார்ப்பர்.